தெருவில் இரண்டடி நின்ற வீடு

“தம்பி, இந்தப் பிளான்படி பாத்தா உங்க வீடு ரெண்டடி தெருவுல நிக்கே.”

நகராட்சி ஓவர்சியர் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, மழை வரும்போல இருக்கே என்று சொல்லும் குரலில்தான் சொன்னார். அவர் மேசையில் என்னுடைய புளூபிரிண்ட் விரிந்து கிடந்தது. மின்விசிறிக் காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் கண்ணாடிக் கூடு, ஒரு மூலையில் பஞ்சிங் மிஷின், ஒரு மூலையில் மைக்கூடு. நாலாவது மூலையை நான் விரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் எங்கள் வீட்டுப் பத்திரத்தின் நகல். அதில் கிழமேல் நாற்பது அடி. என் பிளானில் நாற்பத்திரண்டு.

“பின்னாடி அடுத்த வீட்டுச் சுவரு. அங்கிட்டு நகர முடியாது. அப்ப அந்த ரெண்டடியும் முன்னாடி தெருவுக்குத்தான வந்திருக்கணும்?”

நான் தலையாட்டினேன். கணக்கு சரியாக இருந்தது.

“சன்னல் கேட்டு வந்திருக்கீக. சுவரே நிக்கக் கூடாத இடத்துல நிக்கு. அதுல சன்னல் வச்சுக்கோன்னு நான் எப்படி எழுத? வியாழக்கிழமை நேர்ல வந்து அளக்கேன். அப்பவும் இதேதான் வந்துச்சுன்னா மேல எழுதித்தான் ஆகணும், தம்பி. எனக்கு வேற வழி இல்ல.”

வராந்தாவுக்கு வந்து செருப்பைத் தேடினேன். காலில்தான் இருந்தது.

தெருப்பக்கச் சுவரை இரண்டடி உள்ளே தள்ளினால், அது வந்து நிற்கிற இடத்தில்தான் என் அக்காவின் தையல் மிஷின் இருக்கிறது.

கறுப்பு நைட்டி வந்தால் மத்தியானம்

மில் டைம் ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அக்கா கேட்டாள்: “ஒரு முடி நரைக்கல, அதுக்குள்ள என்னலே நெனவுக் குறிப்பு?” நியாயமான கேள்வி. ஆனால் இந்த வாரக் கதை அவளுடையது என்பதால் எழுதித்தான் ஆக வேண்டும்.

அக்கா பெயர் செல்லத்தாய். என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்பா தவறியபோது நான் மூன்றாம் வகுப்பு. அக்கா அதற்கு முன்பே படிப்பை விட்டிருந்தாள். விட்டாள் என்று சொல்வது அவளுக்குப் பிடிக்காது. “நிப்பாட்டுனாக” என்பாள். அத்தான் பட்டாளத்தில் இருந்தார். வருஷத்துக்கு ஒரு லீவு. அதனால் அக்கா எங்களோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலேயே இருந்தாள்.

தளவாய்புரத்து வியாபாரி ஒருவர் நைட்டிக்கும் உள்பாவாடைக்கும் துணி வெட்டி அனுப்புவார். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இருக்கும் ஒரு பெட்டிக்கடையில் மூட்டை இறங்கும். மில் முடிந்ததும் நான் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். புதுத் துணியின் கஞ்சி வாசம் பஸ் முழுக்க அடிக்கும். கண்டக்டர் மூட்டைக்கும் டிக்கெட் கேட்பார். ஒரு நாள் கேட்பார், ஒரு நாள் விட்டுவிடுவார்.

எங்கள் முன்னறைக்கு ஒரே ஒரு ஜன்னல். முழ அகலம்கூட இல்லை. நடுவில் இரண்டு மரக்கம்பி. ஒன்றரை அடிக் கனத்தில் மண் சுவர். அந்த ஓட்டைக்குள் நுழைகிற வெளிச்சம் சுவரின் கனத்தைத் தாண்டுவதற்குள்ளேயே களைத்துவிடும். குண்டு பல்பு உண்டு. ஆனால் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி அதன் கம்பி மட்டும் சிவப்பாகத் தெரியுமே தவிர, வெளிச்சம் என்று எதுவும் கீழே இறங்காது.

அக்கா ஒரு முறை வைத்திருந்தாள். கறுப்பு, ஊதாத் துணிகளை மத்தியானம் தைப்பாள். அப்போதுதான் வாசல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வரும். வெள்ளை, மஞ்சளைச் சாயங்காலத்துக்கு ஒதுக்குவாள். எப்போதும் முகம் ஊசிக்கு நாலு விரல் தூரத்தில் இருக்கும். நூல் அறுந்தால் கோக்க முடியாது. தெருவில் போகிற யாரையாவது கூப்பிட்டுக் கோக்கச் சொல்வாள்.

ஒரு நாள் ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. சக்கரத்தைக் கையால் திருப்பி ஊசியை மேலே ஏற்றி, விரலை உருவிக்கொண்டாள். அழவில்லை. நைட்டியில் ரத்தம் பட்டுவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

அன்றைக்குச் சொன்னாள்: “தீவாளித் துணிய முடிச்சுக் குடுத்துட்டு மிஷினக் குடுத்துருதேன்லே. என் கண்ணு அம்புட்டுத்தான்.”

கண் முகாம் ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், எழுத்துகளுக்குப் பதில் இருந்த படங்களை வாசிக்கச் சொன்னார். பிறகு, “கண்ணு நல்லாத்தாம்மா இருக்கு. எங்க உக்காந்து தைக்கிறீங்க?” என்று கேட்டார். நான்தான் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். “அப்ப ஜன்னலுக்கு வைத்தியம் பாருங்க” என்று சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: “கண்ணாடி எழுதிக் குடுக்க மனசில்ல. சமாளிக்காரு.”

அவள் நம்பவில்லை. நான் நம்பினேன். தீபாவளிக்கு நாலு மாதம் இருந்தது.

சன்னலுக்குப் போயி மனுவா?

எங்கள் தெருக் கொத்தனார் சோலையப்பன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலே ஒரு கல் உத்தரம் கொடுத்தால் நாலுக்கு நாலு ஜன்னல் தாராளமாக நிற்கும் என்றார். வாகை மரச் சட்டம், இரும்புக் கம்பி, வெயில் மழைக்கு ஒரு சன்ஷேடு.

“ஞாயித்துக்கிழமை காலையில இடிச்சா, பொழுது சாய சன்னல் நிக்கும்.”

“அனுமதி வாங்கணுமே, அண்ணாச்சி.”

“யாருகிட்ட?”

“நகராட்சியில.”

அவர் காதில் வைத்திருந்த பீடியை எடுத்து, அதைப் பற்றவைக்காமல் என்னையே பார்த்தார். “சன்னலுக்குப் போயி மனுவா? கல்யாணத்துக்கே எங்க அய்யா யாரையும் கேக்கல.”

நான் முன்பே விசாரித்து ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். இருக்கிற ஜன்னலைக் கழற்றி அதே அளவில் வேறு வைத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. தெருப்பக்கத்துச் சுவரை உடைத்துப் பெரிதாக்குவதற்கும், தெருவுக்கு மேலே சன்ஷேடு நீட்டுவதற்கும் அனுமதி வேண்டும். தாளை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்காமலே, “படிச்சவன் வீட்டுச் சன்னலுக்கு இம்புட்டு நாளாகும் போல” என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

விதிக்குப் பயந்து மட்டும் நான் அப்படிச் செய்யவில்லை. எங்கள் வீட்டுக்குக் காகிதம் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும். கார்டு, நோட்டீசு, கோடு போட்ட ஃபாரம். வந்த காகிதத்தை அப்பா சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள் தேடி இரண்டு தெரு சுற்றுவார். ஒரு தடவையாவது எங்கள் வீட்டிலிருந்து ஒரு காகிதம் கிளம்பி, ஒரு ஆபீசுக்குப் போய், கையெழுத்தோடு திரும்பி வர வேண்டும் என்று எனக்கு ஆசை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

வீடு அம்மா பெயரில் இருந்தது. மனுவில் அம்மா பெருவிரல் நாட்டினாள். மை காய்கிறவரை விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே, “இதுல வீட்ட எழுதிக் குடுக்கேன்னு ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டாள்.

எட்டு டேப், ரெண்டடி

மனுவோடு வீட்டின் வரைபடம் வேண்டும். உரிமம் உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு மாடியில் ஜேக்கப் சார் என்று ஒருவர் இருந்தார். சாய்ந்த மேசை, டி வடிவ ஸ்கேல், அறை முழுக்க மூக்கைக் குத்துகிற அமோனியா நெடி. அந்த நெடியில்தான் புளூபிரிண்ட் பிறக்கும் என்று சொன்னார். அவருக்கு நெடி பழகிவிட்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்தது.

“அளக்க ஆள் அனுப்பட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாம் சார். நானே அளந்து கொண்டு வாரேன்.”

பி.காம். முதல் வகுப்பு. ஒரு வீட்டை அளக்க எனக்குத் தெரியாதா?

அடுத்த நாள் காலையில், அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், மிஷின் டிராயரைத் திறந்து அவளுடைய டேப்பை எடுத்தேன். எங்கள் வீட்டை ஒட்டி ஒரு சந்து போகிறது. அந்தப் பக்கச் சுவர் தெருவிலிருந்து பின்சுவர் வரை ஒரே நேர்க்கோடு. பித்தளை முனையைத் தெருமூலையில் வைத்து டேப்பை முழுக்க இழுத்தேன். முடிகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கோட்டிலிருந்து மறுபடி ஒரு டேப். தையல் டேப் என்றால் அஞ்சடி. அது எல்லாருக்கும் தெரியும். எட்டு டேப் வந்தது. மிச்சம் இரண்டடி. எட்டஞ்சு நாற்பது, நாற்பதும் ரெண்டும் நாற்பத்திரண்டு.

அகலத்திலும் பத்திரத்தைவிட முக்கால் அடி கூடுதலாக வந்தது. பத்திரத்தோடு ஒப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நேரில் அளந்தது இருக்கும்போது பழைய காகிதத்தை யார் பார்ப்பார்கள்? ஜேக்கப் சார் நான் எழுதிக் கொடுத்ததை நம்பி அழகாக வரைந்தார். மூன்று பிரதி. நீலக் கோடுகளில் எங்கள் வீடு முதல் தடவையாக ஒரு வீடு மாதிரித் தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது மடிக்காமல் சுருட்டிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பிளான்தான் ஓவர்சியர் மேசையில் கிடந்தது.

அப்பா எடுத்த தெரு

ஓவர்சியரிடம் பேசிவிட்டு வந்தது திங்கட்கிழமை. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மறுபடி அளந்தேன். நாற்பத்திரண்டு. பின்சுவரிலிருந்து தெருப்பக்கமாகத் திருப்பி அளந்தேன். அதுவும் நாற்பத்திரண்டு. மூன்று தடவை அளந்து மூன்று தடவையும் ஒரே விடை வந்தால் அது சரி என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அப்பா.

அப்பா பஞ்சு மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அவர் ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. கிழிந்த சாக்கு, கயிற்றுத் துண்டு என்று மடியில் ஏதாவது வரும். அம்மா கேட்டால், “கெடந்துச்சு” என்பார். தெருவும் அப்படித்தான் கிடந்திருக்கும், இரண்டடி எடுத்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்தேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது. அன்றைக்கு முழுசாக நம்பினேன்.

மில்லில் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கடிதம் எழுதினேன். ஓவர்சியர் வந்து கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாமே ஒப்புக்கொண்டுவிட்டால், இரக்கப்பட்டுச் சுவரை விட்டுவிடுவார்கள் என்று ஒரு யோசனை. அதில் அம்மாவின் கைநாட்டு வேண்டும். அதனால் புதன்கிழமை சாயங்காலம் வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டியதாயிற்று.

அம்மா சுவரோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டாள். “நான்தான் கேட்டனே, வீட்ட எழுதிக் குடுக்கேன்னு இருக்கான்னு கேட்டனே.”

அக்கா மிஷினை நிறுத்தவில்லை. “என்ன எழுதிருக்க? படி.”

படித்தேன். “எனது காலஞ்சென்ற கணவர், எழுத்தறிவின்மை காரணமாக, தெருவின் இரண்டு அடியைத் தவறுதலாகச் சேர்த்துச் சுவர் எழுப்பிவிட்டபடியால்…”

மிஷின் நின்றது.

“ஏலே, எழுத்தறிவின்மைன்னா என்ன?”

“எழுதப் படிக்கத் தெரியாதது.”

“எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு அளக்கத் தெரியாதாலே?”

நான் கடிதத்தை மடித்தேன்.

“அஸ்திவாரத்துக்கு நூல் கட்டுன அன்னைக்கு அந்த மொனையப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். நீ பொறக்கவே இல்ல. கொத்தனாரு நாப்பதுன்னு முளைக்குச்சி அடிச்சாரு. அப்பா அதப் பிடுங்கி ஒரு விரக்கடை உள்ள தள்ளி அடிக்கச் சொன்னாக. நாளைக்கு எவனும் வந்து வாசல்ல நின்னு பேசக் கூடாதுன்னு சொன்னாக. இப்ப நீ எழுதுத, அவிய தெருவத் திருடுனாகன்னு!”

“மூணு தடவ அளந்தேன்க்கா.”

“எத வச்சு அளந்த?”

“உன் டேப்புதான்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். டிராயரைத் திறந்து டேப்பை எடுத்து, பித்தளை இல்லாத முனையை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

“மொனையப் பாத்தியாலே?”

பார்த்தேன். அந்த முனையில் தகடு இல்லை. கத்தரியால் நேராக வெட்டி, பிரியாமல் இருக்க வெள்ளை நூலில் தைத்திருந்தது. கடைசி எண் அறுபது இல்லை. ஐம்பத்தேழு.

“பிடிச்சுப் பிடிச்சு நூலு நூலா பிஞ்சு போச்சு. மூணு இஞ்சி வெட்டி விட்டுட்டேன். அந்தப் பக்கம் இருந்து அளந்தா மூணுல ஆரம்பிப்பேன். தைக்கவ யாரக் கேட்டாலும் சொல்லுவா. எட்டு டேப்புக்கு எம்புட்டு ஆச்சு? எண்மூணு இருவத்தினாலு. இருவத்தினாலு இஞ்சிக்கு எத்தன அடி? சொல்லுலே பி.காமு!”

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். தலையை மிஷின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. என்ன நடந்தது என்று புரியாத அம்மா, “வீடு இருக்கா, போச்சா, அதச் சொல்லுட்டி” என்றாள்.

“இருக்கும்மா. இருந்த எடத்துலயே இருக்கு. இவன்தான் ரெண்டடி வெளிய போயிட்டான்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது. அதற்கு முன்னால் கடிதத்தை நாலாகக் கிழித்தேன், பிறகு எட்டாக. அப்பாவின் பெயர் எந்தத் துண்டில் இருக்கிறது என்று தேடி எடுத்து, அதை மட்டும் கிழிக்காமல் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை

ஓவர்சியர் சொன்ன நேரத்துக்கு வந்தார். சைக்கிள் கேரியரில் ஐம்பதடி டேப். ஒரு முனையை நான் பிடிக்கப் போனேன். அக்கா, “நீ தள்ளு” என்று வாங்கிக்கொண்டாள்.

நாற்பது அடிக்கு ஒரு விரல் குறைவு.

ஓவர்சியர் இரண்டு தடவை பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, மூன்று தடவை அளந்ததையும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று கண்ணில் தெரிந்தது.

“தம்பி, திங்கக்கிழமை எடுத்த தெருவ வியாழக்கிழமையே திருப்பிக் குடுத்திட்டீக. ரொம்பச் சந்தோசம். பிளான மாத்தி வரைஞ்சு கொண்டாங்க.” அக்காவிடம் திரும்பி, “நீங்க என்னம்மா படிச்சிருக்கீக?” என்று கேட்டார்.

“அஞ்சாப்பு. நிப்பாட்டிட்டாக.”

அவர் முன்னறைக்குள் எட்டிப் பார்த்தார். மிஷினையும் அந்த ஓட்டை ஜன்னலையும் பார்த்தார். “இதுக்குள்ளயா உக்காந்து தைக்கீக?” என்று மட்டும் கேட்டார்.

ஜேக்கப் சார் விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார், நல்லவேளை தன் தலையில். “முப்பது வருஷமா பிளான் போடுறேன்பா. பாவாடை தைக்கிற டேப்பை வச்சு எவனும் எனக்கு வீடு அளந்து கொடுத்ததில்லை.” சாயங்காலத்துக்குள் மாற்றி வரைந்துவிட்டார்.

உத்தரவு வந்தபோது ஆடி பிறந்திருந்தது. நாலுக்கு நாலு ஜன்னல் அப்படியே கிடைத்தது. சன்ஷேடு இரண்டடி கேட்டிருந்தேன், ஒன்றரை கொடுத்திருந்தார்கள். ஊதா முத்திரை, சாய்வான கையெழுத்து. அம்மா அந்தத் தாளின் மூலையில் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். சோலையப்பன் அதைக் கேட்டு வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இனிமே இடிக்கலாமா, இல்ல கடப்பாறைக்கும் ஒரு மனு போடணுமா?” என்றார்.

கூசிய கண்

சோலையப்பன் சொன்னதுபோல ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இடித்தோம். மத்தியானம் வரை ஒரே மண் புழுதி. சட்டத்தைத் தூக்கி நிறுத்தி, பூசி, கம்பி மாட்டினார்கள். திங்கட்கிழமை காலையில் கிழக்கு வெயில் முன்னறைக்குள் நேராக வந்து உட்கார்ந்தது. மிஷினின் கறுப்பு உடம்பில் தங்க நிறத்தில் ஒரு கொடி போட்டிருந்ததே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மூலையில் ஒட்டடை, பல வருஷத்து நூல் பிசிறு, எப்போதோ காணாமல் போன ஒரு கத்தரி.

நான் மில்லுக்குப் போய்விட்டு ஆசையாக வந்தேன். ஜன்னலில் ஒரு பழைய போர்வை தொங்கியது.

“கண்ணு கூசுதுலே,” என்றாள் அக்கா. “போற வார சனமெல்லாம் வேற பாக்கு. வேடிக்கப் பொருளு மாதிரி இருக்கு.”

கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

அந்த வாரம் முழுக்கப் போர்வை இருந்தது. அடுத்த வாரம் பாதியாக மடிந்து கீழ்ப்பாதியில் மட்டும் தொங்கியது. பிறகு ஒரு நாள் போர்வை அம்மாவின் கட்டிலுக்குத் திரும்பிவிட்டது. மிஷினைக் கொடுக்கப் போவதைப் பற்றி அக்கா பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வீம்புக்காகக் கொடுத்துவிடுவாளோ என்று பயம்.

ஆவணி கடைசியாக இருக்கலாம். மில்லிலிருந்து வந்து, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் போட்டிருந்த சைக்கிளை எடுத்து, துணி மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவுக்குள் திரும்பினேன். அஞ்சரை மணி வெயில். சைக்கிள் ஏனோ மணலில் ஓட்டுவதுபோலக் கனமாக வந்தது. மூட்டை பெரிது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு இன்னும் நாலு வீடு இருக்கும்போதே ஜன்னலுக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“ஏலே, பின் சக்கரத்துல காத்து இல்ல பாரு!”

இறங்கிக் குனிந்து பார்த்தேன். டயர் தரையோடு ஒட்டியிருந்தது. உள்ளே மிஷின் சத்தம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.